அடைக்கலம் வந்த மணி

2024 ஒக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. வழக்கமான நேரத்துக்கு எழுந்தேன். யன்னலைத் திறந்து வீட்டுக்குக் காற்று விட்டேன், சாமிப் படத்துக்கு விளக்கேற்றினேன், மகனின் இடைவேளைப் பெட்டிக்குள் அப்பிள் துண்டுகளை அடுக்கினேன். தேநீர் குடித்தபடி முந்தைய நாள் எழுதிய நாட்குறிப்பை வாசித்து இரண்டு இடத்தில் திருத்தினேன். வெளியே பனிமூட்டம், பீல் ஏரி இருக்கும் திசையே தெரியவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸுக்குப் பதிலாக ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அன்று எங்கள் தொழிலகத்தின் இலையுதிர்கால உலா. எங்கே போகிறோம் என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த நாட்டு அலுவலகங்களுக்கு அது ஒரு விளையாட்டு. நல்ல சப்பாத்தும் மழை அங்கியும் போதும் என்று மட்டும் அறிவித்திருந்தார்கள்.

தவான் நிலையத்தில் இறங்கி மலைமேல் ஏறும் சிவப்பு ரயிலுக்கு மாறியபோதே எனக்கு அந்தப் பாதை தெரிந்துவிட்டது. பிறகு மஞ்சள் பஸ். அது காட்டுக்குள் இறங்கிக் கடைசி வளைவில் திரும்பியதும், வெங்காயத்தைக் கவிழ்த்து வைத்ததுபோன்ற கூரையோடு தேவாலயக் கோபுரம் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சக ஊழியர், எவ்வளவு வடிவான ஊர், முன்பு வந்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நாலு வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை நான் வளர்ந்தது அந்த ஊரில்.

என் வயதுக்காரர்களே, உங்களில் பலர் பீலிலோ பேர்னிலோ சூரிச்சிலோ வளர்ந்தவர்கள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம், யாருடையவோ பிறந்தநாள் விழா, மண்டபத்தில் ஓடித் திரிய இன்னும் நாற்பது பிள்ளைகள். எங்களுக்கு அது இல்லை. அகதிகளைப் பிரித்து அனுப்பிய அதிகாரி வரைபடத்தில் எங்கே விரல் வைத்தாரோ தெரியாது. ஜூரா மலையில், பிரெஞ்சு பேசும் ஒரு சிறிய எல்லைக் கிராமத்துக்கு எங்களை அனுப்பிவிட்டார்கள். கீழே ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸ். மூடப்பட்ட பழைய பால் நிலையத்தின் மேல்மாடியில் இருந்தோம். சுவரிலிருந்து புளித்த மோர் வாசனை போகவே இல்லை. அம்மா தாளிக்கும்போது மட்டும் அது கொஞ்ச நேரம் தோற்றுப்போகும்.

அப்பா அங்கே கைக்கடிகாரக் கூடுகளை மினுக்கும் பட்டறையில் வேலை செய்தார். வீட்டுக்கு வரும்போது நகக் கண்களில் பச்சைநிறப் பசை ஒட்டியிருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அவர் ரியூசன் வகுப்பில் சரித்திரம் படிப்பித்தவர். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு கேள்வி கேட்டால் விடையோடு நிற்கமாட்டார். அதற்கு முன் நடந்தது, பின் நடந்தது, ஒருவருக்கும் தெரியாதது என்று மூன்றையும் சேர்த்துத் தருவார். கேட்டதுக்கு மேலே எழுதுறவனுக்குத்தான் புள்ளி என்பது அவருடைய வாய்ப்பாடு.

அந்த ஊரில் அவருக்கு வாய்த்த ஒரே நண்பர் தேவாலயத்தின் மணிக்காரர். மணி அடிப்பது, கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி முறுக்குவது, மெழுகுதிரி மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. மர ஆலையில் வலது சுட்டுவிரலின் பாதியை இழந்தவர். முழங்கால் வலியால் கோபுரப் படிகளில் ஏறமுடியாமல் போனபோது, சனிக்கிழமை காலைகளில் அப்பா அவருக்காக ஏறிக் கடிகாரத்தின் பாரக்கற்களை முறுக்கி மேலே தூக்கத் தொடங்கினார். மணிக்காரர் கோபுரக் கதவைப் பூட்டித் திறக்கும் இரண்டாவது திறப்பை அப்பாவிடமே கொடுத்துவைத்தார். கையளவு நீளமான இரும்புத் திறப்பு. அப்பா அதைச் சாமித் தட்டில், விபூதிக்குப் பக்கத்தில் வைப்பார். அம்மா சிரிப்பார்: "தேவாலயத்துத் திறப்புக்கும் பூசையோ?" அப்பா, எந்தக் கோயில் என்றாலும் திறப்புத் திறப்புத்தானே என்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த இலையுதிர் காலத்தில் நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அப்போதைய முறை உங்களுக்கு நினைவிருக்கும். பட்டணங்களில் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். எங்களைப் போன்ற சிறிய இடங்களில் ஊர்ச்சபை கூடிக் கையுயர்த்தித் தீர்மானிக்கும். அதற்கு முன் ஒரு குழு வீட்டுக்கு வந்து, நாட்டைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கேள்வி கேட்கும். அது சரிவந்தால் திருப்பி அனுப்பப்படும் பயம் போகும். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த செய்தி வரும் நாட்களில் அம்மா எங்கள் பைகளைத் திரும்பவும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். அந்தப் பழக்கமும் போகும் என்று நினைத்தோம்.

அப்பா அதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொண்டார். ஞாயிறுகளில் மணிக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு எங்களைக் கூட்டிப்போவார். கூடவே அவருடைய மகளும் வருவாள். அவள் என் வகுப்புத் தோழி. மாடுகள் தண்ணீர் குடித்த நீண்ட கற்தொட்டி, ஒரு கொள்ளைநோய் முடிந்த நன்றிக்கு நட்டதென்று சொல்லப்படும் பெரிய லிண்டன் மரம், எல்லோருக்கும் பொதுவாக இருந்த, பாண் சுடும் போறணை, பாலத்தடியில் பாழாய்க் கிடந்த சுங்கச் சாவடி, காட்டுக்குள் எல்லைக்கல். அந்தக் கல்லின் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் ஓர் ஆயரின் செங்கோல். நானும் தோழியும் கல்லின் இரண்டு பக்கமும் நின்று, நாடு விட்டு நாடு கை குலுக்கினோம். ஈர இலையின் மணமும் மணிக்காரரின் சுருட்டுப் புகையும் கலந்த காற்று அது. அப்பா வழி நெடுகத் தமிழில் எனக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டே வருவார், ஏதோ நாளைக்கு நான்தான் எழுதப்போவதுபோல.

கடைசியாக ஒரு சனிக்கிழமை, முழங்கால் கொஞ்சம் இளகியிருந்த நாளில், மணிக்காரரே மேலே ஏறினார். புறா எச்சமும் பழைய கொழுப்பும் நாறும் அந்தக் கூண்டுக்குள் பெரிய மணி தொங்கியது. பாதி விரலால் அதன் விளிம்பைத் தடவி, ஒரு பெண்ணின் சிறிய உருவத்தைக் காட்டினார். அவள் ஒரு கோபுரத்தை அணைத்தபடி நின்றாள். இவள் யார் என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரின் காவல் புனிதர் செங்கோல் பிடித்த ஓர் ஆயர் அல்லவா என்றார் மணிக்காரர். பிறகு கற்சாளரத்தின் வழியே ஆற்றின் அக்கரையைக் காட்டினார். அங்கே ஒரு சிறிய ஊர், சிறிய தேவாலயம். "அவள் அவர்களுடைய புனிதை."

கதை இதுதான். பழைய போர் ஒன்றில், பீரங்கி செய்வதற்காக மணிகளை உருக்கும் படை வருகிறது என்று கேள்விப்பட்ட அக்கரைக்காரர்கள், தங்கள் மணியை வைக்கோல் வண்டிக்குள் மறைத்து ஆற்றைக் கடந்து கொண்டுவந்தார்கள். போர் முடியும்வரை வைத்திருங்கள் என்று எங்கள் ஊரிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார்கள். போர் முடிந்து வந்து கதவைத் தட்டினார்கள். இந்த இடத்தில் மணிக்காரர் ஒரு மூச்சு நிறுத்தினார். கண்ணை அகல விரித்து, ஒன்றுமே அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எந்த மணி?"

இருமல் வரும்வரை சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது வேறு. அகதியாக வந்தவர்களைக் காப்பாற்றியதற்கு நன்றியாக அக்கரை ஊர் அந்த மணியைப் பரிசளித்தது என்பதுதான் பாடம். அந்தப் பரிசின் படம்கூட ஊர்மன்றச் சுவரில் தொங்கியது.

குழு வந்த நாளில் அம்மா விடியவே எழுந்து பற்றிஸ் பொரித்தார். மரக்கறி, மீன், முட்டை என்று மூன்று விதம். அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று தெரியாததால் மூன்றும். வந்தவர்கள் மூவர்: ஊர்த்தலைவர், தபால் நிலையத்து அம்மா, எங்கள் ஆசிரியர். அப்பா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கேள்விகள் எல்லாவற்றுக்கும் தானே பிரெஞ்சில், வேகம் குறைத்து, பிழையில்லாமல் பதில் சொன்னார். தபால் நிலையத்து அம்மா இரண்டாவது பற்றிஸை எடுத்தார். அம்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசியில் தலைவர் கேட்டார், நம் தேவாலயத்துப் பெரிய மணியின் வரலாறு தெரியுமா என்று. அப்பா நன்றிப் பரிசின் கதையைச் சொன்னார். நல்லது என்று தலைவர் தன் பேனையை மூடினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அது விடையின் முதல் பகுதி மட்டும்தான். மேலதிகப் புள்ளிக்குரிய பகுதி இனித்தான் இருந்தது. கதிரையின் நுனிக்கு வந்து, முகம் மலர, "ஆனால் உண்மையில் நடந்தது வேறு" என்று தொடங்கினார். வைக்கோல் வண்டி, கோபுரத்தை அணைத்த பெண், கதவைத் தட்டியது எல்லாம் சொன்னார். மூச்சை நிறுத்தி, கண்ணை விரித்து, "எந்த மணி?" என்றும் சொன்னார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் தன் கோப்பைக்குள் பார்த்தார். நம் முன்னோரைத் திருடர் என்கிறீர்களா என்று தலைவர் மெதுவாகக் கேட்டார். அப்பா திடுக்கிட்டார். இது தன் கற்பனை இல்லை என்று காட்டுவதற்காக, சரித்திரம் படித்த ஒருவர் ஆதாரம் சொல்வதுபோல, இதைச் சொன்னவர் மணிக்காரர் என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் படியிறங்கும்போது தலைவர் அப்பாவை வரச்சொல்லியிருந்தார். நானும் போனேன். எல்லோரும் நிற்க, மணிக்காரரிடம் தலைவர் கேட்டார், அந்தக் கதையை இவருக்குச் சொன்னது நீதானா என்று. மணிக்காரர் அப்பாவைப் பார்க்கவில்லை. கோபுரத்தைப் பார்த்தார், தன் தடியைப் பார்த்தார்.

"எந்தக் கதை?" என்றார்.

அப்பா சிரிக்கப் போனார். அதுவும் ஒரு பகிடி என்றுதான் நினைத்திருக்கவேண்டும். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் வகுப்பில் என் தோழி வேறு மேசையில் இருந்தாள். மணி அடித்ததும் வந்து, தரையைப் பார்த்தபடி, "அப்பா திறப்பைக் கேட்கிறார்" என்றாள். நான் அன்று மாலை அதைச் சாமித் தட்டிலிருந்து எடுத்து, அம்மா தந்த சுத்தமான துணியில் சுற்றி, அடுத்த நாள் அவளிடம் கொடுத்தேன். அதன் பாரம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

வீட்டில் அப்பா முடிவுக்கு வந்துவிட்டார். மணிக்காரர் தன்னைச் சோதிக்க அல்லது விளையாட ஒரு பொய்க் கதையைச் சொன்னார், தான் அதை நம்பி ஓர் ஊரையே அவதூறு செய்துவிட்டேன் என்றார். "சரித்திரம் படிப்பிச்ச நான், விசாரிக்காமல் ஒருத்தன் சொன்னதை நம்பிப்போட்டன்." அம்மாவின் கோபம் வேறு பக்கம் போனது. "உண்மையோ பொய்யோ, அது அவையின்ர வீட்டுக் கதை. புதுசா வந்த மருமகன் மாதிரி வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கவேணும்." அப்பா கேட்கவில்லை. கழுத்துப்பட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டு தலைவரின் வீட்டுக்குப் போனார். பொய்யான ஒரு கதையைச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டார். தலைவர் அதை ஏற்று, கையைக் குலுக்கி, நேர்மையான மனிதர் என்று தோளில் தட்டி அனுப்பினாராம். அப்பா வந்து எங்களிடம் இனிப் பயமில்லை என்றார்.

ஊர்ச்சபை பாடசாலையின் கீழ் மண்டபத்தில், மாலை விளக்கேற்றும் நேரத்தில் கூடியது. விண்ணப்பித்தவர்கள் வாக்கெடுப்பின்போது வெளியே நிற்கவேண்டும் என்பது வழக்கம். முடிந்ததும் உள்ளே அழைத்துக் கைதட்டுவார்கள், வைன் ஊற்றுவார்கள். நாங்கள் கற்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். நான் அதன் விளிம்பில் ஏறி யன்னல் வழியே பார்த்தேன். முதலில் சில கைகள் எழுந்தன, இங்கொன்று, அங்கொன்று. "கொஞ்சம்தான்" என்றேன். அப்பா, முதலில் எதிர்ப்பவர்களைத்தான் கேட்டிருப்பார்கள் என்றார். இரண்டாவது முறை மண்டபம் முழுக்கக் கைகள். அப்பா அம்மாவின் தோளைத் தொட்டார். அந்தக் கைகளுக்கு நடுவில், சுட்டுவிரல் பாதியில் நின்றுபோன ஒரு கையையும் கண்டேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மணிக்காரர் எங்களுக்காகக் கை தூக்கிவிட்டார் என்று நினைத்து, தொட்டியிலிருந்து குதித்து, அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

கதவு திறந்து தலைவர் தனியாக வந்தார். தொப்பி கையில் இருந்தது. எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

அடுத்த இளவேனிலில் பீலுக்கு மாறினோம். நண்பர்களே, அங்கேதான் உங்களில் சிலர் எங்களைச் சந்தித்தீர்கள். என் அப்பாவை நீங்கள் பேசாத மனிதராகத்தான் அறிவீர்கள். கோயில் திருவிழாவில் பூசைக்கு உதவியாக நிற்பார், மண்டபத்தில் கதிரை அடுக்குவார். ஒன்று கேட்டால் "எனக்குத் தெரியாது தம்பி" என்பார். என்னுடைய சரித்திரப் பாடத்தில்கூட உதவி கேட்டால், புத்தகத்தில் உள்ளதை எழுது என்பார். பல வருடம் கழித்துப் பீலில் குடியுரிமைக்கு நேர்முகம் நடந்தபோது, கேட்டதற்கு மட்டும் ஒவ்வொரு சொல்லில் பதில் சொன்னார். கிடைத்தது. அன்று இரவு நாங்கள் கேக் வெட்டினோம். அவர் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸால் இறங்கியதும் ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி எங்களை வரவேற்றாள். நரைத்த தலைமயிர், கழுத்தில் கம்பளிச் சால்வை, இடுப்பில் கையளவு நீளமான இரும்புத் திறப்பு. என் வகுப்புத் தோழி. நான் தொப்பியைக் கீழே இழுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன்.

லிண்டன் மரத்துக்கு இப்போது இரும்பு ஊன்றுகோல். சுங்கச் சாவடி தேநீர்க்கடையாகிவிட்டது. பால் நிலையம் விடுமுறை வீடு; யன்னல்களில் சிவப்புப் பூத்தொட்டிகள். கடைசியாகத் தோழி எங்களைக் கோபுரத்துக்கு ஏற்றினாள். மணியின் விளிம்பில் கோபுரத்தை அணைத்த பெண் அப்படியே நின்றாள். இவள் யார் என்று தோழி எங்களிடம் கேட்டாள். வைக்கோல் வண்டி வந்தது. ஆறு வந்தது. கதவைத் தட்டினார்கள். அவள் ஒரு மூச்சு நிறுத்தி, கண்ணை அகல விரித்து, "எந்த மணி?" என்றாள். என் சக ஊழியர்கள் கூண்டு அதிரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் நான் கேட்டேன், இந்தக் கதை எப்போது தெரியவந்தது, ஏதாவது ஆய்வு செய்தார்களா என்று.

"ஆய்வா?" என்றாள். "எங்கள் ஊரில் இது தெரியாமல் ஒருவரும் வளர்ந்ததில்லை. காலமாகிவிட்ட என் அப்பா ஒவ்வொரு திருவிழாவிலும் மேசையில் ஏறி நின்று சொல்வார். அப்போதைய தலைவர்தான் அக்கரைக்காரனாக நடித்துக் கதவைத் தட்டுவார்."

எல்லோரும் திரும்பவும் சிரித்தார்கள். அவள் சிரித்தபடியே என்னைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அடையாளம் கண்டாள் என்று உறுதியாகச் சொல்லமுடியாது. ஆனால் படியிறங்கும்போது அவளுடைய கை அந்தத் திறப்பைப் பொத்திப் பிடித்திருந்தது. அதன்பின் என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த மண்டபத்தில் எங்களுக்கு எதிராகக் கை தூக்கிய அத்தனை பேருக்கும் அது உண்மை என்று தெரிந்திருந்தது. மணிக்காரர் ஒருவர்தான் தெரிந்துகொண்டே எங்களைக் கைவிட்டார் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். தலைவர் அந்தக் கதவைத் தட்டி நடித்த அதே கையால்தான் அப்பாவின் தோளிலும் தட்டியிருக்கிறார். திரும்பும் ரயிலில் எல்லோரும் வாங்கிய சீஸை ருசி பார்த்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. கைக்குட்டையில் சுற்றி வைத்தேன்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக, விளக்குக்கூட ஏற்றாமல், பெற்றோரின் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமைகளில் வழக்கமாகச் செய்வதுபோல அப்பா சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த மணிக் கதை உண்மைதான்."

கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தலைவருமோ?"

"ஓம். அவர்தான் கதவைத் தட்டுறவராம்."

குசினிக்குள் கோப்பைச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நான் மன்னிப்புக் கேட்டது பொய் சொன்னதுக்கில்லை" என்றார் அப்பா. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வாங்கோ, இண்டைக்கே போவம். நீங்கள் கேட்ட மன்னிப்பைத் திருப்பித் தரச்சொல்லிக் கேப்பம்."

அவர் மிச்ச முறுக்கையும் முறுக்கி முடித்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பி, ஒரு மூச்சு நிறுத்தி, கண்ணை அகல விரித்தார். அந்த முகத்தை நான் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"போய்க் கேட்டால் என்ன சொல்லுவினம் தெரியுமோ? எந்த மன்னிப்பு எண்டு கேப்பினம்."